முதல் ஷிப்ட் பஸ்ஸில் பாட்டுச் சண்டை

கம்பெனி பஸ் ஓட்டுகிறவனுக்கு ரோட்டைப் பார்ப்பது பாதி வேலைதான். மீதி வேலை, முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளாமல் பார்ப்பது.

ஓசூர் பக்கம் ஷிப்ட் வண்டி ஓட்டும் என் சகோதரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கல்யாண வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு மாற்றிக் கெட்ட பெயர் வாங்கியவர்கள், டீக்கடையில் ரேடியோவைத் திருப்பி வசவு வாங்கியவர்கள், நாலு பேருக்கு ஒரே ஸ்பீக்கர் என்று வாழ்கிறவர்கள், எல்லோரும் என் இனம்தான். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு வார்த்தை ஏறியது

என் வண்டி காலையில் அத்திப்பள்ளியில் கிளம்பும். அது கர்நாடகா. ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டி ஓசூருக்குள் வந்து மிச்ச ஆட்களை ஏற்றிக்கொண்டு, சூளகிரி ரோட்டில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இறக்க வேண்டும். முதலில் கன்னடம் ஏறும். ஓசூரில் தமிழும் தெலுங்கும் ஏறும். கம்பெனி கேட் வருவதற்குள் மூன்றும் கலந்து எது யாருடையது என்று தெரியாமல் போய்விடும்.

ராயக்கோட்டை ரோடு முக்கில் ஏறுகிறவர் முருகேசன். தகடு அமுக்கும் பிரஸ் ஷாப்பில் பழைய ஆள். தேனிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். எனக்கு நேர் பின்னால், ஸ்பீக்கருக்குக் கீழே இருக்கும் சீட் அவருடையது. அவருக்குத் தெய்வம் ஒரு இசையமைப்பாளர். பெயரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் படிக்கிற நீங்களும் இந்த இடத்திலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவீர்கள். பழையவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பிறகு வந்து பெயர் வாங்கிய இன்னொருவர் புதியவர். முருகேசனுக்குப் புதியவர் போட்டதெல்லாம் பாட்டே இல்லை, வெறும் டொம் டொம்.

அந்த வருஷம், செய்த பாகங்களைச் சரிபார்க்கும் குவாலிட்டி டிபார்ட்மெண்டுக்குப் புதிதாக வந்தவள் கிரிஜா. ஓசூரிலேயே பிறந்து வளர்ந்த தெலுங்குக் குடும்பத்துப் பெண். கிடார் வாசிப்பாள், காதில் எந்நேரமும் இங்கிலீஷ் ராக் பேண்டு. முருகேசனுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் காலையில், "ஏம்மா, அதைக் கழட்டிட்டு இதைக் கேளு, இதுதான் பாட்டு" என்று பழையவர் பாட்டு ஒன்றைப் போடச் சொன்னார். அவளும் கழற்றிவிட்டு, முழுப் பாட்டையும் மரியாதையாகக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்குங்கண்ணா. ஆனா இவர் கொஞ்சம் ஓவர்ரேட்டட்" என்றாள்.

முருகேசன் என் தோள் பக்கம் குனிந்து என்ன சொன்னாள் என்று கேட்டார். நான் கியரைப் பார்த்துக்கொண்டேன். பின் சீட்டிலிருந்து மஞ்சுநாத் உதவிக்கு வந்தார். அத்திப்பள்ளிக்காரர், டூல் ரூமில் வேலை, எந்தச் சண்டையையும் வீணாக விடாத மனிதர். "அவரோட தகுதிக்கு மேல தூக்கி வச்சிட்டோம்னு சொல்றாங்க" என்று சந்தோஷமாக மொழிபெயர்த்தார். கண்ணாடியில் பார்த்தேன். முருகேசன் முகம் கறுத்துவிட்டது. "பாய், வண்டியை ஓரமா நிறுத்து. அந்தப் பொண்ணு சொன்னதை இன்னொரு தடவை சத்தமாச் சொல்லச் சொல்லு. எனக்குச் சரியா விழலை."

பேரண்டப்பள்ளியில் இறங்கியவர்

அதற்குப் பிறகு அந்த வார்த்தை வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கேண்டீன் சாம்பார் ஓவர்ரேட்டட், யூனியன் தலைவர் ஓவர்ரேட்டட், பெங்களூரு வாழ்க்கை ஓவர்ரேட்டட். அதெல்லாம் சிரிப்போடு போய்விடும். பாட்டுப் பக்கம் வந்தால்தான் ரத்தம் கொதிக்கும். முருகேசன் சத்தத்தை ஏற்றச் சொல்வார், பின்னால் இருப்பவர்கள் இறக்கச் சொல்வார்கள். கிரிஜாவும் சும்மா இருக்கிற பெண் இல்லை. பழையவரின் எந்தப் பாட்டில் எந்த மெட்டு திரும்ப வருகிறது என்று விரல் விட்டுச் சொல்வாள்.

பனிக்காலத்தில் ஒரு காலை. பேரண்டப்பள்ளி நெருங்குகிறோம். அங்கே சானமாவுக் காடு ரோட்டைத் தொடும், யானைகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிற காலம். பின்னால் சண்டை உச்சத்தில் இருந்தது. கிரிஜா, "அவர் ஆரம்பத்துல நல்லாப் பண்ணாருண்ணா. அப்பறம் நீங்கள்லாம் கை தட்டித் தட்டியே அவரைக் கெடுத்துட்டீங்க" என்றாள். முருகேசன் எழுந்து வந்து கதவைத் தட்டினார். நிறுத்தாவிட்டால் ஓடுகிற வண்டியில் குதித்துவிடுவார் போலிருந்தது, நிறுத்தினேன். இறங்கி, டிபன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பனிக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச தூரத்தில் வனத்துறை ஜீப். ரோட்டோரம் நின்ற வாட்சர்கள் கையை ஆட்டி விசில் ஊதினார்கள். முருகேசன் திரும்பவில்லை. இன்னும் பலமாக ஊதினார்கள். அவர் தலை குனிந்தபடி நேராகக் காட்டோரத்தை ஒட்டியே போனார். புதருக்குள் கிளை முறியும் சத்தம் எனக்கே கேட்டது. மனுஷனுக்கு இவ்வளவு ரோஷமா என்று நினைத்தேன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு நான் இறங்குவதற்குள் கிரிஜா இறங்கி ஓடிவிட்டாள். பின்னாலிருந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பி, அப்போதுதான் ஜீப்பைப் பார்த்தவர் மாதிரி விழித்தார். இரண்டு பேரையும் வண்டிப் படியில் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தியபோது, வயசான வாட்சர் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, யானை நிக்குதுன்னு கத்துறோம், காதுலயே வாங்காம நடக்கறாரே, உங்க அப்பாவுக்கு யாரு மேல அவ்வளவு கோவம்?"

பாட்டில்லாத வண்டி

அன்றைக்கு வண்டி லேட். ஒரு பஸ் ஆளுக்கும் அட்டெண்டன்ஸ் பஞ்ச் தள்ளிப்போய் லைன் தாமதமாகக் கிளம்பியது. கம்பெனி எங்கள் டிராவல்ஸ் முதலாளியைக் கூப்பிட்டுப் பேசியது, முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பேசினார். இன்னொரு தடவை இப்படி ஆனால் ரூட்டை வேறு டிராவல்ஸுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அவரே வண்டிக்குள் ஏறி பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். பாட்டு நின்றதும் சண்டைக்கு நேரம் கூடிவிட்டது. முன்பெல்லாம் நல்ல பல்லவி ஒன்று வந்தால் இரண்டு கட்சியும் வாயை மூடும். இப்போது ஓசூரில் ஆரம்பித்தது கம்பெனி கேட்டில்தான் நிற்கும். முருகேசனும் கிரிஜாவும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை; இரண்டு பேரும் மற்றவர்கள் வழியாகத் திட்டிக்கொண்டார்கள். ஒரு தடவை திருப்பத்தில் கைச்சண்டையாகிவிடுமோ என்று பின்னால் எட்டிப் பார்த்தேன். எதிரே திரும்பிய தக்காளி லாரியில் மோதாமல் மயிரிழையில் தப்பினோம். எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மஞ்சுநாத் சொன்னார்: "பாய், பாட்டு இருந்தப்போ நடுவுல நடுவுல பாட்டாவது கேட்டோம்."

மேனேஜரின் பேண்டு

புரொடக்‌ஷன் மேனேஜர் பிரகாஷ் சார் காரில் வருகிறவர். கார் சர்வீசுக்குப் போன ஒரு நாள் அத்திப்பள்ளியில் என் வண்டியில் ஏறினார். மேனேஜர் ஏறினால் வண்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து தூங்குவார்கள். ஓசூரில் கிரிஜா ஏறினாள். அவளுக்கு வேலை நிரந்தரமாவது அந்த மாதம்தான் முடிவாக வேண்டும், முடிவு செய்கிறவர்களில் அவரும் ஒருவர்.

"என்ன பாய், பாட்டு இல்லையா?" என்று கேட்டவர், தன் போனையே ஆடியோ செட்டோடு இணைத்தார். மேனேஜரிடம் முதலாளி உத்தரவை யார் சொல்வது? வந்தது இங்கிலீஷ் ராக் பேண்டு. காலேஜ் காலத்தில் அவர் உயிரையே வைத்திருந்த பேண்டாம். உலகம் பூராவும் தெரிந்த பெயர். சட்டையில் அவர்கள் படம் போட்டு ஓசூர் சந்தையில்கூட விற்கிறார்கள். கிடார்காரர் யார், அவர் ஏன் மேதை என்று பாட்டு நடுவில் விளக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் திரும்பி, "கிரிஜா, நீ கிடார் வாசிப்பியாமே. எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நான் கண்ணாடியில் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஓவர்ரேட்டட் சார்" என்றாள். அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்த முருகேசன்தான் எழுந்தார். "சார், அது எல்லாரையும் அப்படித்தான் சொல்லும் சார். சாமி பாட்டு போட்டாலும் சொல்லும். மனசுல ஒண்ணும் கிடையாது, நல்ல பொண்ணு சார்" என்று குழைந்தார். அவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கிடார்காரர் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறார், பேண்டைத் தூக்கிப் பிடிப்பது டிரம்ஸ் அடிக்கிறவர்தான், அவர் பெயர் யாருக்கும் தெரியாது, இதே மாதிரி ஒரு சின்ன பேண்டு இவர்களுக்கு முன்னாலேயே இதைவிட நன்றாகச் செய்தது என்று அடுக்கினாள். பிரகாஷ் சார் பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். இறங்கும்போது படியில் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார். "பாட்டுல இவ்வளவு குறை கண்டுபிடிக்கிறியே, அப்ப நேத்து அந்த மட்டமான லாட்டை எப்படிம்மா பாஸ் பண்ணினே?"

அத்திப்பள்ளியில் கை காட்டியவர்கள்

கிரிஜாவுக்கு வேலை நிரந்தரமானது. மேனேஜரே பாட்டுப் போட்டுக் கேட்டதால் அதுவும் வண்டிக்குத் திரும்பி வந்தது. நல்ல நாளாகப் போய்க்கொண்டிருந்தபோது ஆற்றுத் தண்ணீர்ப் பிரச்சினை கிளம்பியது. எல்லையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். அந்தப் பக்கம் இந்தப் பக்கத்து வண்டியை நிறுத்துவார்கள், இந்தப் பக்கம் அந்தப் பக்கத்து வண்டியை நிறுத்துவார்கள், நடுவில் எங்களைப் போன்றவர்கள் கண்ணாடிக்கு வலை கட்டிக்கொண்டு ஓட்டுவோம். பந்த் என்று சொன்னது மறுநாளைக்கு. ஆனால் முதல் நாள் காலையிலேயே அத்திப்பள்ளி முக்கில் கழுத்தில் துண்டு போட்ட ஒரு கூட்டம் நின்றது. என் வண்டி தமிழ்நாட்டு நம்பர். ஸ்பீக்கரில் தமிழ்ப் பாட்டு. கை காட்டினார்கள்.

நிறுத்தினேன். ஒருவன் என் பக்கக் கதவைப் பிடித்து ஏறி, பாட்டை நிறுத்தச் சொன்னான். இன்னொருவன் கையில் கல் இருந்தது. உள்ளே இருந்த முக்கால்வாசிப் பேர் அவர்கள் ஊர்க்காரர்கள்தான், ஆனாலும் யாரும் சீட்டை விட்டு எழவில்லை. எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அப்போது மஞ்சுநாத் எழுந்து முன்னால் வந்து இறங்கினார். இவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள், டிரைவர் நம்ம ஆள் என்று கன்னடத்தில் சொன்னார். "நம்ம ஆள்னா நம்ம பாட்டு எங்கே?" என்றான் கல் வைத்திருந்தவன். அவர்கள் ஊரில் தலைக்கு மேல் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஒரு பாடகர் பெயரைச் சொல்லி, "அவர் பாட்டு தெரியுமா உனக்கு? பாடு" என்றான்.

முந்தின நாள் சாயங்காலம்தான் மஞ்சுநாத் அதே பாடகரைப் பற்றி, மூக்கால் பாடுகிறார், சும்மா தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஓசூர் வரை வாதாடிக்கொண்டு வந்தார். மஞ்சுநாத் தொண்டையைச் செருமினார். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நடு ரோட்டில், இரண்டு பக்கமும் லாரிகள் ஹாரன் அடிக்க, உடம்பை லேசாக ஆட்டி, ரசித்து ரசித்துப் பாடினார். இரண்டாவது சரணத்தில் வரி மறந்து நின்றுவிட்டது. கூட்டம் அசையவில்லை. கல் வைத்திருந்தவனே வரியை எடுத்துக் கொடுத்தான். பிறகு அவனும் சேர்ந்து பாடினான், பின்னால் நின்ற நாலைந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடிந்ததும் கதவைத் தட்டி, போ என்று கை காட்டினார்கள்.

செக்போஸ்ட் தாண்டினோம். மஞ்சுநாத் என் பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிப் பார்த்தார், வரவில்லை. நான் ஒரு கையால் வாங்கித் திறந்து கொடுத்தேன். பாதிப் பாட்டிலைக் குடித்துவிட்டு மெல்லச் சொன்னார்: "பாய், இப்பவும் சொல்றேன், அந்த ஆள் ஓவர்தான். ஆனா இந்த வண்டிக்கு வெளிய யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

புல்லாங்குழலைக் காணோம்

சண்டையைக் குறைக்க ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். ஒரு நாளைக்கு ஒருவர் பாட்டு. அன்றைக்கு மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. முருகேசன் முறை வந்த ஒரு சாயங்காலம், பழையவரின் பாட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் போடச் சொன்னார். கிரிஜாவைப் பார்த்து, நெடுநாளைக்குப் பிறகு நேராகவே பேசினார். "ஏம்மா, நீ எல்லாப் பாட்டையும் குறை சொல்லு. இதுல பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவுல ஒரு ஃப்ளூட்டு வரும். அதை மட்டும் கேட்டுட்டுச் சொல்லு. நான் கல்யாணம் ஆன புதுசுல கேட்டது. இன்னிக்கும் அது மனசுக்குள்ள அப்படியே கிடக்கு."

பல்லவி முடிந்தது. "இப்ப வரும் பாரு" என்று முருகேசன் விரலை உயர்த்தினார். புல்லாங்குழல் வந்தது. மலைப் பாதையில் ஒற்றை ஆள் நடந்து போகிற மாதிரி, மற்ற வாத்தியமெல்லாம் ஒதுங்கி நிற்க, அது மட்டும் வந்தது. கிரிஜாவே காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பஸ்ஸே கேட்டுக்கொண்டிருந்தது. முருகேசனின் விரல் மட்டும் அந்தரத்தில் அப்படியே நின்றது. "இரு, வரும்" என்றார். புல்லாங்குழல் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்று எடுத்தது. அவர் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், சுற்றி இருந்தவர்கள் முகங்களைப் பார்த்தார். எல்லோரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். சரணம் தொடங்கிவிட்டது. பேரண்டப்பள்ளியில் அத்தனை விசிலுக்கும் அவர் ஏன் திரும்பவில்லை என்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. முருகேசன் கோபமாக என் சீட்டைத் தட்டினார். "பாய், யாரோ உன்னை ஏமாத்தியிருக்கான். இது டூப்ளிகேட்டு. ஃப்ளூட்டையே வெட்டி எடுத்துட்டான்!"

டீக்கடைப் பஞ்சாயத்து

பிரஸ் ஷாப்பில் வருஷக்கணக்காக அந்தப் பெரிய மிஷின்களின் இடிக்குள் நின்றவருக்குக் காது மெல்ல மெல்லப் போயிருக்கிறது. கனமான சத்தம் கேட்கும், மெல்லிய சத்தம் கேட்காது. புதியவர் பாட்டில் அவருக்கு டொம் டொம் மட்டும் கேட்டதற்கு அதுதான் காரணம். பழையவர் பாட்டு அவருக்கு ஞாபகத்திலேயே இருந்தது, ஸ்பீக்கரில் வராததை மனசு நிரப்பிக்கொண்டது. கிரிஜா மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்று சொன்னாள். போன வாரம் ஷாப்பில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி அவருக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது, இவர் நகரவில்லை, டிரைவர் பிரேக் அடித்ததால் பிழைத்தார். "நான் எழுதிக் கொடுத்தா அவர் வேலை என்னாகும்னு தெரியலைங்கண்ணா. எழுதிக் கொடுக்காம விட்டா அவர் என்னாவார்னும் தெரியலை" என்றாள். அவள் கண்ணில் தூக்கம் இல்லாதது தெரிந்தது.

ராயக்கோட்டை ரோட்டு டீக்கடையில் அவரை உட்கார வைத்து இரண்டு பேரும் சொன்னோம். நான் சுற்றி வளைத்தேன். கிரிஜா நேரே சொல்லிவிட்டாள். முருகேசன் டீ கிளாஸை வைத்த வேகத்தில் மேஜை நனைந்தது. "என்னைச் செவிடன்கிறியா? உனக்குப் பாட்டுல ஜெயிக்க முடியலை, அதான் இங்க வந்து நிக்கிற" என்று கத்தினார். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிரிஜா நகரவில்லை. "பாட்டுல நீங்களே ஜெயிச்சுக்கோங்க அண்ணா. அந்த ஃப்ளூட்டுக்கு நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க போய்ச் சொல்லலைன்னா நான் போய்ச் சொல்லிடுவேன்" என்றாள். அவர் எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு அவர் என் வண்டியில் ஏறவில்லை. டவுன் பஸ் பிடித்துப் போவதாகச் சொன்னார்கள். ராயக்கோட்டை ரோடு முக்கில் நின்று ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவேன். கிரிஜா அவர் சீட்டைப் பார்க்காமல் கடைசியில் போய் உட்காருவாள். யாரும் பாட்டு கேட்கவில்லை, நானும் போடவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவர் முக்கில் நின்றார். ஏறி, தன் சீட்டில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து என் தோளைத் தொட்டுப் பேச ஆரம்பித்தார். அவருக்கே எப்போதோ தெரியுமாம். மகள் போன் செய்தால் மனைவியிடம் கொடுத்துவிடுவாராம். வருஷா வருஷம் கம்பெனி காது டெஸ்டில் சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். இவர் சத்தத்தைக் கேட்காமல், டெஸ்ட் எடுக்கிறவர் விரல் அசைவதைப் பார்த்தே அமுக்கிவிட்டு வந்திருக்கிறார். வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான். சனிக்கிழமை தானாகவே பிரகாஷ் சாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். சார் அன்றைக்கே இவரைப் பிரஸ் ஷாப்பிலிருந்து எடுத்து டூல் ஸ்டோருக்கு மாற்றிவிட்டாராம், காதுக்கு மிஷின் வைக்கவும் ஏற்பாடு. சொல்லி முடித்துவிட்டுப் பின் சீட்டுப் பக்கம் திரும்பாமலே குரலை உயர்த்தினார்: "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு பாய், ஸ்டோர்ல ஈ பறக்கிற அமைதி, பைத்தியம் பிடிக்குது, எல்லாம் அவளாலதான்னு."

முதல் நாள்

காதுக்கு மிஷின் வைத்துக்கொண்டு அவர் ஏறிய காலையில் பஸ்ஸில் எல்லாக் கண்ணும் அவர் காதில்தான். புத்தம் புது மாப்பிள்ளை மாதிரி வெட்கத்தோடு உட்கார்ந்தார். கிரிஜா பின்னாலிருந்து எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன பாட்டு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பழையவரின் அந்தப் பாட்டைப் போட்டேன். மஞ்சுநாத் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

பல்லவி முடிந்தது. புல்லாங்குழல் வர வேண்டிய இடம் வந்தது. முருகேசன் முகத்தைச் சுளித்தார். ஜன்னலைப் பார்த்தார், மேலே பார்த்தார், என் காலுக்குக் கீழே பார்த்தார். கேட்கவில்லையோ? கிரிஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு, காதில் இருந்த மிஷினை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, வண்டியில் இருந்த எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஃப்ளூட்டு கேக்குதுய்யா, அது கேக்குது. ஆனா கட கடன்னு, கிரீச்சுன்னு, இந்த வண்டி போடற சத்தத்துக்குள்ள உக்காந்துகிட்டா நீங்கள்லாம் இத்தனை நாளா பாட்டு நல்லாருக்கு, நல்லா இல்லைன்னு அடிச்சுக்கிட்டீங்க?"

எந்த இசையமைப்பாளர் ஓவர், எந்த பேண்டு ஓவர் என்பது எங்கள் வண்டியில் இன்றுவரை தீராத வழக்கு என்றாலும், என் கியர் பாக்ஸ் மோசம் என்பதில் மட்டும் மூன்று மொழிக்காரர்களும் ஒரே கட்சியாகிவிட்டதால் வண்டி இப்போது ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது.